பத்தாயிரத்தோடு முடிந்துவிடுமா?

(ஆட்டோமொபைல் பிரிவு, மூன்றாமாண்டு மாணவன்)

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று பேரவைச் செயலாளர் அண்ணன் கேட்டதும் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கவிதை கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கவிதை வராது. ஆனால் வண்டி பற்றித் தெரியும். வண்டியோடு வரும் காகிதங்கள் பற்றியும் கொஞ்சம் தெரியும். எங்கள் வீட்டில் அப்பா லோடுமேன், அம்மா வயல் வேலை. பேங்க் பாஸ்புக்கிலிருந்து இன்சூரன்ஸ் பாலிசி வரைக்கும் எந்தக் காகிதம் வந்தாலும் "தம்பி வரட்டும், படிச்சுச் சொல்லுவான்" என்று டிவி மேல் வைத்துவிடுவார்கள். அப்படிப் படித்ததில் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டினால் இன்சூரன்ஸ் என்ன ஆகும்?

கேன்டீனில் இந்தப் பேச்சு வந்தால் இரண்டு கட்சி உண்டு. "அது ஒண்ணும் இல்லடா, பத்தாயிரம் கட்டினா முடிஞ்சது" என்பது ஒரு கட்சி. "ஒரு தடவை மாட்டினா அடுத்த வருஷம் பிரீமியம் டபுள் ஆயிடும்" என்பது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சி ஆங்கிலப் படம் நிறைய பார்க்கிற கட்சி. நம் ஊர் நிலவரத்தைப் பார்த்தால் இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை.

முதலில் சட்டம் என்ன கூறுகிறது என்று பார்ப்போம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 185. நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். இங்கிலாந்தில் இந்த அளவு 80 மில்லிகிராம் என்றால் நம் சட்டம் எவ்வளவு கெடுபிடி என்று புரியும். முன்பு அபராதம் 2,000 ரூபாய்தான். 2019-ல் சட்டத்தைத் திருத்தி, முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று ஆக்கினார்கள். மறுபடி மாட்டினால் 15,000 ரூபாய், இரண்டு வருடம் வரை சிறை. தமிழ்நாட்டில் இந்தப் புதிய தொகை 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஓட்டுகிறவர் குடித்திருப்பது தெரிந்தும் கூடவே உட்கார்ந்து வருகிறவர் மேலும் வழக்கு உண்டு என்று சென்னை போக்குவரத்து போலீசார் அதே மாதத்தில் அறிவித்தார்கள். பின் சீட்டில் இருக்கும் நண்பர்கள் இதையும் குறித்துக்கொள்ளவும்!

சரி, பிரீமியத்துக்கு வருவோம். கார் பாலிசியை இரண்டு அடுக்கு டிபன் கேரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ் அடுக்கு தேர்டு பார்ட்டி. நம் வண்டியால் அடுத்தவருக்கு உயிரோ, கை காலோ, பொருளோ போனால் அவருக்குக் கொடுப்பதற்கானது. இது இல்லாமல் வண்டியை ரோட்டில் இறக்கக் கூடாது என்பது பிரிவு 146. மேல் அடுக்கு ஓன் டேமேஜ், அதாவது நம் வண்டிக்கே சேதம் ஆனால் கொடுப்பது. இரண்டும் சேர்ந்ததைத்தான் ஏஜெண்டுகள் "ஃபுல் இன்சூரன்ஸ்" என்கிறார்கள்.

கீழ் அடுக்கின் விலையை நிர்ணயிப்பது அரசாங்கம். 2022 ஜூன் முதல் தேதி வந்த கட்டணப்படி, ஆயிரம் சி.சி.க்கு உட்பட்ட சொந்த உபயோகக் காருக்கு 2,094 ரூபாய், 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். இன்ஜின் எவ்வளவு பெரிசு என்பதுதான் கணக்கு. ஓட்டுகிறவன் உத்தமனா, குடிகாரனா என்ற கேள்வியே அதில் கிடையாது. மேல் அடுக்கின் விலை வண்டியின் மதிப்பு, வயது, சி.சி., எந்த ஊரில் பதிவானது என்பதையெல்லாம் பொறுத்தது. அதில் நோ கிளெய்ம் போனஸ் என்று ஒரு தள்ளுபடி உண்டு. ஒரு வருடம் கிளெய்ம் கேட்காமல் இருந்தால் 20 சதவீதம், பிறகு 25, 35, 45 என்று ஏறி 50-ல் நிற்கும். கிளெய்ம் கேட்டால் இந்தத் தள்ளுபடி போய்விடும். கோர்ட்டில் அபராதம் கட்டியதால் மட்டும் போகாது.

ஆகவே நம் நாட்டில் தண்டனை வாங்கியவருக்குப் பிரீமியத்தை ஏற்று என்று கட்டாய விதி எதுவும் இல்லை. இங்கிலாந்தில் அப்படியில்லை. அங்கே லைசென்சில் டி.ஆர்.10 என்று ஒரு குறி ஏறும், பதினோரு வருடம் அழியாது. இன்சூரன்ஸ் எடுக்கும்போது ஐந்து வருடம் வரை அதைச் சொல்லியாக வேண்டும், பிரீமியமும் எகிறும். நம் ஊரிலும் அந்த யோசனை வந்தது. 2021 ஜனவரியில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட ஒரு குழுவின் அறிக்கை, விதிமீறலுக்குத் தனியாக ஒரு பிரீமியம் வாங்கலாம், முதலில் டில்லியில் செய்து பார்க்கலாம் என்று பரிந்துரை செய்தது. அந்தப் புள்ளிக் கணக்கில் தப்பான இடத்தில் பார்க்கிங் செய்தால் 10 புள்ளி. குடித்துவிட்டு ஓட்டினால் 100. இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது, பாவத்துக்கு மார்க் போடுவதில் எமனை மிஞ்சிவிட்டார்கள் என்று.

பிரீமியம் ஏறவில்லை அல்லவா, அப்புறம் என்ன என்று முதல் கட்சிக்காரர்கள் கேட்பார்கள். பிரீமியம் அப்படியேதான் இருக்கும் ஐயா. ஆனால் பணம் கட்டி வாங்கிய டிபன் கேரியரைப் பசிக்கிற நேரத்தில் திறந்தால் உள்ளே சோறு இருக்காது!

மேல் அடுக்கை எடுத்துக்கொள்வோம். கார் பாலிசியின் ஓன் டேமேஜ் பகுதியில், எதற்கெல்லாம் பணம் தரமாட்டோம் என்று ஒரு பட்டியல் இருக்கும். டயர் தேய்மானம், இன்ஜின் தானாகக் கெடுவது என்று போகிற அந்தப் பட்டியலின் நடுவில் ஒரு வரி. அதன் சாரம் இதுதான்: வண்டிக்காரரோ, அவர் தெரிந்து சம்மதித்து ஓட்டக் கொடுத்த வேறு ஒருவரோ மது அல்லது போதைப் பொருளின் ஆதிக்கத்தில் இருக்கும்போது ஏற்படும் சேதத்துக்குக் கம்பெனி பொறுப்பல்ல. பம்பர் டு பம்பர் எடுத்திருக்கிறேன் என்று சொல்லிப் பயனில்லை. இந்த வரி அதற்கும் மேலே உட்கார்ந்திருக்கிறது.

இந்த வரியை நான் பாடப்புத்தகத்தில் படிக்கவில்லை. என் சித்தப்பா மஞ்சள் போர்டு கார் ஒன்று வைத்திருந்தார். செகண்ட் ஹேண்ட், ஃபைனான்சில் எடுத்தது. சித்தப்பா வெற்றிலை பாக்குகூடப் போடமாட்டார். 2023-ல் ஒரு கல்யாண சவாரிக்கு அவருக்குக் காய்ச்சல் என்று ஆக்டிங் டிரைவர் ஒருவரைப் போட்டு அனுப்பினார். ஆட்களை மண்டபத்தில் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது, ராத்திரி பன்னிரண்டரை மணிக்குப் பாலத்துச் சுவரில் மோதி முன்பக்கம் முழுக்கக் கசங்கிவிட்டது. வேறு யாருக்கும் எதுவும் இல்லை. டிரைவருக்குக் கை எலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி எழுதும்போது டாக்டர் மது வாடை இருப்பதாக ஒரு வரி எழுதினார். போலீஸ் வழக்கு போட்டார்கள். டிரைவர் கோர்ட்டில் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போய்விட்டார். அவரைப் பொறுத்தவரை பத்தாயிரத்தோடு முடிந்தது.

எங்களுக்கு அதற்கப்புறம்தான் ஆரம்பம். சர்வேயர் வந்து போட்டோ எடுத்தார், ஷெட்டில் 2,85,000 ரூபாய் எஸ்டிமேட் போட்டார்கள். இரண்டு மாதம் கழித்து இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரே பக்கத்தில் ஆங்கிலக் கடிதம். வழக்கம்போல டிவி மேல் இருந்து என் கைக்கு வந்தது. டிக்‌ஷனரி வைத்துப் படித்தேன். கிளெய்ம் தள்ளுபடி. ஆதாரமாகக் காட்டியிருந்தவை இரண்டு: ஏ.ஆர். காப்பியில் இருந்த அந்த வரி, கோர்ட்டில் டிரைவர் குற்றத்தை ஒப்புக்கொண்ட உத்தரவு.

"குடிச்சது நான் இல்லையேடா... வருஷா வருஷம் பணம் கட்டினது நான்தானே? எனக்கு எதுக்குடா இல்லைங்கிறான்?" என்று சித்தப்பா கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பாலிசியில் உள்ள வரியை மறுபடி பாருங்கள். "சம்மதித்து" என்பது குடிப்பதற்குச் சம்மதித்து என்று அங்கே எழுதவில்லை, ஓட்டுவதற்குச் சம்மதித்து என்றுதான் இருக்கிறது. சாவியைக் கையில் கொடுத்தாலே அந்தச் சம்மதம் வந்துவிட்டது என்கிறது கம்பெனி. அந்தக் கார் கடைசியில் பாடியாக விலை போனது. தவணை மட்டும் இன்னும் பத்தொன்பது மாதம் பாக்கி இருந்தது. என் இரண்டாம் வருட ஃபீஸ் சித்தப்பா கட்டியது. மூன்றாம் வருடத்துக்கு அம்மா மகளிர் குழுவில் லோன் போட்டார்கள். கன்சூமர் கோர்ட்டில் போட்டிருக்கிறோம், வாய்தாவுக்கு மேல் வாய்தாவாகப் போகிறது.

தண்டனை ஆகாமல் இருந்திருந்தால் பணம் வந்திருக்குமா என்று நான் தேடிப் பார்த்தேன். அதற்கு 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பு பதில் சொல்கிறது. 2007 டிசம்பரில் டில்லி இந்தியா கேட் பக்கம் அதிகாலையில் ஒரு போர்ஷே கார் மோதி உருக்குலைந்தது. கார் ஒரு கம்பெனிக்குச் சொந்தம், ஓட்டியவர் வேறு ஒருவர். ஊதச் சொல்லியும் பார்க்கவில்லை, ரத்தமும் எடுக்கவில்லை. மருத்துவ அறிக்கையில் மது வாடை என்று மட்டும் இருந்தது. சோதனை இல்லை, 30 மில்லிகிராம் நிரூபணம் ஆகவில்லை, ஆகவே பணம் கொடு என்று தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பிரிவு 185 குற்ற வழக்குக்கானது, பாலிசியில் இருப்பது "மதுவின் ஆதிக்கம்" என்ற வார்த்தை, இரண்டும் ஒன்றல்ல என்றது. வாடை, ஆள் நடமாட்டம் குறைந்த நேரம், விபத்து நடந்த விதம் ஆகியவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனிக்கு உண்டு. ஆனால் அதற்குத் தண்டனைக் காகிதம் கட்டாயம் இல்லை. அது கையில் இருந்துவிட்டாலோ கம்பெனி வக்கீலுக்கு வேலை பாதி மிச்சம்.

வண்டிக்காரரே குடித்து ஓட்டி இறந்துபோனால் இன்னும் கொடுமை. உரிமையாளர் ஓட்டும்போது இறந்தால் அவர் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் கிடைக்கும் தனிநபர் விபத்துக் காப்பீடு பாலிசியோடு வருகிறது. போதையில் ஓட்டியிருந்தால் அதுவும் இல்லை.

இனி கீழ் அடுக்கு. இங்கே கதை வேறு. ரோட்டோரம் நடந்து போகிற ஒருவரைக் குடித்தவன் ஓட்டிய கார் அடித்துவிட்டது என்று வையுங்கள். ஓட்டினவன் குடித்திருந்தான், ஆகவே உனக்கு நஷ்டஈடு இல்லை என்று அடிபட்டவரிடம் சொன்னால் அது எந்த ஊர் நியாயம்? அந்த பாலிசியில் கையெழுத்துப் போட்டவர் அவரா? நம் நீதிமன்றங்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. முதலில் கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுக்க வேண்டும், பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் இதற்கு "பே அண்ட் ரெக்கவர்" என்று பெயர். லைசென்ஸ் இல்லாத டிரைவர் வழக்குகளில் 2004-ல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாக எடுத்துச் சொன்னது. குடித்து ஓட்டிய வழக்குகளிலும் இதே வழியைக் கேரள உயர் நீதிமன்றம் 2023-லும் நம் சென்னை உயர் நீதிமன்றம் 2024-லும் பின்பற்றின. இவை இரண்டும் 2022-க்கு முன்னால் நடந்த விபத்துகள். 2022 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த புதிய பிரிவு 150-ல், கம்பெனி தன் பக்கத்தில் எடுத்துவைக்கக் கூடிய காரணங்களில் ஒன்றாகக் குடித்து ஓட்டுவதையும் பெயர் சொல்லியே சேர்த்துவிட்டார்கள்.

"பே" என்ற பாதியைக் கேட்டுத்தான் நம் ஆட்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். "ரெக்கவர்" என்ற பாதி யாருக்கு? ஒரு பேச்சுக்கு, தீர்ப்பாயம் இறந்தவர் குடும்பத்துக்கு 15 லட்சம் என்று தீர்ப்புச் சொல்கிறது. மனுப் போட்ட நாளிலிருந்து வட்டி வேறு. கம்பெனி செக் கொடுத்துவிடும். பிறகு அந்தத் தொகையைக் கேட்டு அதே தீர்ப்பாயத்தில் வண்டிக்காரர் மேல் மனுப் போடும். தனியாக வழக்குப் போட்டு நடத்த வேண்டிய அவசியம்கூடக் கிடையாது என்றும் 2004-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பொதுவாகவே தீர்ப்பாயத் தொகையைக் கலெக்டர் மூலமாக நிலவரி பாக்கி போல வசூலிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நிலவரி பாக்கி என்றால் என்ன ஆகும் என்று கிராமத்து நண்பர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வண்டி, வீடு, இருக்கிற அரைக் காணி எல்லாம் கணக்கில் வரும். பத்தாயிரம் எங்கே, இது எங்கே!

இதில் என் அபிப்பிராயம் ஒன்று. அடிபட்டவருக்கு முதலில் பணம் போக வேண்டும் என்பது நூற்றுக்கு நூறு சரி. குடித்தவனிடம் வசூலிப்பதும் சரி. ஆனால் ஒரு வண்டி வைத்துப் பிழைக்கிற என் சித்தப்பா மாதிரி ஆட்கள் இந்த வரிகளைக் காசு கட்டும்போதே தெரிந்துகொள்ள வழி இல்லை. எல்லாம் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். "ஃபுல் கவர் அண்ணே, கவலையே படாதீங்க" என்று தமிழில் சொல்லத் தெரிந்தவர்களுக்கு, "டிரைவர் குடித்திருந்தால் காசு இல்லை" என்று முதல் பக்கத்தில் தமிழில் பெரிதாக அச்சடிக்க என்ன கஷ்டம்?

தண்டனை இன்சூரன்சைத் தொடுகிற இன்னொரு வழி லைசென்ஸ். பலரும் கவனிக்காத வழி இது. குடித்து ஓட்டியவரின் லைசென்சைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைக்க வேண்டும் என்று சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழு 2015-ல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. கோர்ட்டே தகுதிநீக்கம் செய்யவும் சட்டத்தில் அதிகாரம் உண்டு. அந்தத் தடைக் காலத்தில் வண்டியை எடுத்தால் பிரிவு 182-ன்படி தனியாகப் பத்தாயிரம் ரூபாய் அபராதம். அது போகட்டும். அந்த நாட்களில் விபத்து நடந்தால், ஓட்டியவர் ஒரு சொட்டுகூடக் குடிக்காமல் இருந்தாலும், தகுதிநீக்கம் ஆனவர் ஓட்டினார் என்ற காரணத்தைக் கம்பெனி எடுக்கும். ஓன் டேமேஜ் கையை விட்டுப் போகும், தேர்டு பார்ட்டியில் ரெக்கவர் வரும். என்றைக்கோ குடித்ததற்கு இன்றைக்குக் கணக்குத் தீர்க்கிற மாதிரி. புதிதாக பாலிசி எடுக்கும்போதும் சில கம்பெனிப் படிவங்களில் ஓட்டுநர் மேல் விபத்து வழக்கு, தண்டனை உண்டா என்று ஒரு கேள்வி இருக்கும். ஏஜெண்ட் அவசரத்தில் "இல்லை" என்று டிக் அடித்துவிடுவார். கையெழுத்து நம்முடையது. உண்மையை மறைத்ததாகப் பிறகு சொல்ல அவர்களுக்கு அந்த டிக் போதும்.

நம் பாலிடெக்னிக்கில் படிக்கிற பலர் வீட்டில் ஆட்டோ, குட்டி யானை, வாடகைக் கார் என்று ஏதாவது ஒன்று ஓடுகிறது. வேறு ஆளிடம் சாவி கொடுக்கிற வீடுகள் அவை. ஆக்டிங் டிரைவர் போடுகிறவர்கள் அவருடைய லைசென்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் வாங்கிக்கொள்ளுங்கள். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் அந்த இரண்டையும் போட்டால் லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, நிறுத்திவைத்திருக்கிறதா, எந்த வகை வண்டிக்கு எந்தத் தேதி வரை செல்லும் என்று காட்டும். காசு கிடையாது. செல்போனிலேயே பார்க்கலாம். எங்கள் தெருவில் வீட்டுக்காரர்கள் கேட்டால் நானே பார்த்துச் சொல்கிறேன். இதுவரை ஏழு பேருக்குப் பார்த்ததில் ஒருவருடைய லைசென்ஸ் நிறுத்தத்தில் இருந்தது. அவர் அன்று மாலை ஐந்து மணிக்குத் திருச்செந்தூர் சவாரி கிளம்ப இருந்தார். வேறு டிரைவரைப் போட்டு அனுப்பினார்கள்.